ஐ5-க்கும் ஐ7-க்கும் நடுவே நிற்கும் 20,000 ரூபாய்

கேள்வி: பாலக்கோட்டில் பைப், மோட்டார், சொட்டுநீர்ச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வருட விற்றுமுதல் 85 லட்சம். ஜிஎஸ்டி ரெகுலர் பதிவு உண்டு. வருமான வரியில் கணக்குப் புத்தகம் காட்டாமல், விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று கட்டுகிறேன். கடையில் இருப்பது பழைய ஐ3 லேப்டாப், விண்டோஸ் 10. டேலி கணக்கு மென்பொருள், பில், ஜிஎஸ்டி போர்ட்டல், வாட்ஸ்அப், இவ்வளவுதான் வேலை. தர்மபுரியில் ஒரு கடையில் புது லேப்டாப்புக்கு மூன்று விலை கொடுத்தார்கள். ஐ7-1355யு, 8 ஜிபி ரேம், 76,700 ரூபாய். ஐ5-1335யு, 16 ஜிபி, 56,640. ரைசன் 5 7520யு, 8 ஜிபி, 41,300. ஐ7 எடுத்தால் பத்து வருஷம் ஓடும், 12 மாதத் தவணைக்கு வட்டியே கிடையாது, வரியிலும் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். மச்சானோ, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய ஐ7 18,000-க்குக் கிடைக்கும், வாங்கித் தருகிறேன் என்கிறார். மகள் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இந்த வருஷம் சேருகிறாள். அவளுக்கும் சேர்த்து ஒன்றாக எடுத்துவிடலாமா?

பதில்: இந்த மூன்றுக்குள்தான் என்றால் ஐ5 எடுங்கள். தவணை இல்லாமல், முழுப் பணமும் ஒரே தடவையில் கொடுத்து, கடையின் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோடு.

ஐ7 என்ற எழுத்துக்கு அடுத்து ஓர் எண் இருக்கிறது பாருங்கள், விஷயம் அங்கேதான். ஐ5-1335யு-வில் 10 கோர், அதாவது சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள். வேகமாக ஓடுவது 2, மின்சாரம் மிச்சப்படுத்துவது 8. ஐ7-1355யு-விலும் அதே 2, அதே 8. சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகமான கேஷ் இரண்டிலும் 12 எம்பி. உச்ச வேகம் மட்டும் ஐ5-க்கு 4.6 கிகாஹெர்ட்ஸ், ஐ7-க்கு 5.0. அந்த உச்சமும் கொஞ்ச நேரத்துக்குத்தான். 'யு' என்று முடிகிற இந்த இரண்டு சிப்பும் 15 வாட் கணக்கில் செய்தவை. சூடு ஏறினால் இரண்டுமே இறங்கிவிடும். தக்காளித் தோட்டத்துக்குப் பைப் போடுகிறவருக்கு பில் அடிக்கும்போது இந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியாது. ரேம் 8-ஆ 16-ஆ என்பது தெரியும். டேலி திறந்திருக்க, போர்ட்டல் ஒரு பக்கம், வாட்ஸ்அப் ஒரு பக்கம், நடுவில் விண்டோஸ் அப்டேட் என்று வந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். அதாவது விலை கூடிய மெஷினில் உங்களுக்குத் தேவையானது பாதிதான் இருக்கிறது. இந்த ஐ7 விலைப்பட்டியலில் எப்படி 8 ஜிபியோடு வந்தது என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பெயரில் 'ஐ' இல்லாமல் கோர் 5 120யு, கோர் 7 150யு என்றும் காட்டுவார்கள். புதிது என்று பயந்துவிட வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அவை இரண்டிலும் அதே 2, அதே 8 தான். கடைசி எழுத்து 'எச்' என்றால் கதை வேறு. அது 45 வாட் ஜாதி. ஐ5-12450எச்-இல் வேகக் கோரே 4 இருக்கிறது; வரைபட மென்பொருள், வீடியோ மாதிரி விடாமல் ஓடும் வேலையில் உங்கள் ஐ7-யு-வையே அது முந்திவிடும். ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், விசிறிச் சத்தமும் இருக்கும். கரண்ட் போனால் பேட்டரியே யூபிஎஸ் என்று நடக்கும் கடைக்கு அது தோதுப்படாது.

ரைசன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏஎம்டி சிப் மட்டம் என்று சொல்லவில்லை. 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். 7520-இல் அது 2, அதாவது ஜென் 2. 2019-இல் வந்த வடிவமைப்பு, 4 கோர். 7530-இல் அது 3, ஜென் 3, 6 கோர். இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 'ரைசன் 5' தான்! போதாததற்கு 7520யு வரும் மெஷின்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும். பின்னால் 8 ஜிபி கூட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைக்காரரிடம் பட்டியலில் இல்லாத நான்காவது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ரைசன் 5 7530யு, 16 ஜிபி. இல்லையென்றால் 6 கோர் உள்ள ஐ3-1315யு, ரேம் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்கிற மாடல். நீங்கள் சொல்லும் வேலைக்கு ஐ3 போதும். ஐ5-ஐவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஸ்னாப்டிராகன் சிப் போட்ட மெஷின் ஏதாவது சலுகையில் காட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேட்டரி நன்றாக நிற்கும், ஆனால் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றின் டிரைவர் அந்த வகைச் சிப்புக்கென்று தனியாக வந்திருந்தால்தான் ஓடும்.

மச்சான் சொல்லும் 18,000 ரூபாய் ஐ7 எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். எண் 6-இலோ 7-இலோ ஆரம்பித்தால், உதாரணமாக ஐ7-6600யு, கும்பிடு போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இப்போது கையில் இருப்பதை மாற்ற எது காரணமோ, அதையே 18,000 கொடுத்து மறுபடி வாங்குவதாக ஆகிவிடும்.

இனி காசுக் கணக்கு. லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18%. ஐ5-இன் 56,640-இல் சரக்கு விலை 48,000, வரி 8,640. நீங்கள் ரெகுலர் பதிவில் இருப்பதால் இந்த 8,640 இன்புட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, திரும்பி வரும். விற்றுமுதலில் சிறு சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் முறையில் இருந்திருந்தால் வராது. தவணையில் எடுத்தாலும் முழு இன்புட்டும் ஒரே தடவையில் எடுக்கலாம். ஐ7-க்கு இதே கணக்கில் சரக்கு விலை 65,000. ஆக, உங்கள் கையிலிருந்து உண்மையில் கூடுதலாகப் போவது 17,000.

"வரியில் கழியும்" என்றாரே, அங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40% உண்டு, உண்மைதான். ஆனால் விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று காட்டுகிறவருக்கு அந்தத் தேய்மானம் ஏற்கெனவே கழிந்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. 85 லட்சத்துக்கு 8% போட்டாலும் 6,80,000 தான். வேறு வருமானம் இல்லாமல் புதிய வரி முறையில் இருந்தால், 2025-26 முதல் 12 லட்சம் வரை உங்களுக்கு வரியே வராது. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? புத்தகம் எழுதி, தணிக்கை செய்து, 30% வரி கட்டுகிற பெரிய வியாபாரியிடம் சொல்ல வேண்டிய வசனத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

வட்டியில்லாத் தவணையும் அப்படித்தான். முழுப் பணமும் ஒரே தடவையில் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஐ7-இன் 76,700-இல் 3,500 குறைக்கிறேன் என்று சொன்னால், அதுதான் வட்டி. நடைமுறைக் கட்டணம் 500 சேர்ந்தால் 73,200 கடனுக்கு 4,000. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 10% வட்டி. பெரிய கொடுமை ஒன்றுமில்லை, ஆனால் சும்மாவும் இல்லை. எனக்குக் கவலை வட்டிகூட இல்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் தக்காளி போட்டவர்கள் என்று நினைக்கிறேன். கிலோ ஐந்துக்கும் பத்துக்கும் போகிற மாதத்தில் அவர்கள் பைப் பாக்கியைக் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை. தவணை 6,392 மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

மகள் விஷயம். ஒரே லேப்டாப்பை இருவரும் வைத்துக்கொண்டால், சொந்த உபயோகத்துக்கான பங்குக்கு இன்புட் எடுக்கக் கூடாது. அதைவிட, திங்கட்கிழமை காலையில் அவள் பையில் போட்டுக்கொண்டு பர்கூர் பஸ் ஏறிவிட்டால் கடையில் பில் போடுவது யார்? தனியாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் அவசரம் வேண்டாம். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. அவள் வகுப்புக்கு அதில் உண்டா, எப்போது என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு கிடைக்கிறது என்றும் பாருங்கள். மெக்கானிக்கல் மாதிரி வரைபட மென்பொருள் தேவைப்படும் பிரிவு என்றால் மேலே சொன்ன 'எச்' வகை அவளுக்குத்தான் பொருந்தும். ஐ7 எடுக்காததால் மிச்சமாகும் 17,000 அதுவரை ஆர்.டி.யிலோ சேமிப்புக் கணக்கிலோ இருக்கட்டும்.

வாங்கப் போகும்போது டேலி பேக்கப்பை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், அந்த மெஷினிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பில்லில் உங்கள் பெயருக்குப் பதில் கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். தவணை நிறுவனங்கள் வாங்குபவரின் சொந்தப் பெயரில் பில் போட்டுவிடும் பழக்கம் உண்டு. அந்த 15 எழுத்தையும் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அடுத்த மாதம் போர்ட்டலில் உங்கள் இன்புட்டைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் 8,640 வந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால், திருத்தம் போட வைக்க அந்தக் கடைக்காரர் பின்னால் தர்மபுரிக்கு நான்கு நடை நடக்க வேண்டியிருக்கும்.