ஹெட்லைட் போட்டால் ஏறும் டெம்பரேச்சர் முள்

கேள்வி: ஐயா, ஏற்காடு நாகலூர் பக்கம் சின்னதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். என் டீசல் ஜீப்புக்கு 16 வயது. சேலத்திலிருந்து இருட்டும் நேரத்தில் மலையேறும்போது ஹெட்லைட் போட்டால், டெம்பரேச்சர் முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்து மேலே போகின்றன. இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கே முள் துடிக்கிறது. லைட்டை அணைத்தால் உடனே இறங்கிவிடும். சென்சார், தெர்மோஸ்டாட் இரண்டும் மாற்றியாயிற்று. இப்போது மீட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டியது ‘சேர்ந்து’ என்ற ஒரு சொல்தான். டெம்பரேச்சர் சென்சார் இன்ஜினில் இருக்கிறது, டீசல் மிதவை டேங்குக்குள் இருக்கிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் ஒரே நொடியில் பொய் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. அந்தப் பொது இடம் மீட்டர் போர்டுக்கு வரும் சப்ளை, இல்லையென்றால் அதன் எர்த்.

இன்னொன்றும் கவனியுங்கள். ரேடியேட்டரிலும் இன்ஜினிலும் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கிறது. சுவிட்சைத் தட்டிய நொடியில் அது சூடாகாது. நிஜமான சூடு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். குதிக்கும் முள் கரண்ட் கோளாறு.

என் சந்தேகம் எர்த் மேல். வேலை முடித்த கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி அது. பெரும்பாலும் பாடித் தகடு வழியாகவே போகும். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டு வாசலில் ஏறுமே, அதேதான் இங்கும். 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் ஏறக்குறைய 10 ஆம்பியர். ஹெட்லைட்டும் மீட்டரும் ஒரே போல்ட்டில் எர்த் ஆகி, அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டால் போதும், 1 வோல்ட் அங்கேயே தேங்கும். பழைய மீட்டர்களில் முள்ளை ஒரு கம்பிச்சுருள் சென்சார் பக்கமும் இன்னொரு கம்பிச்சுருள் எர்த் பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும். எர்த் பக்கம் தளர்ந்தால் முள் மறுபக்கம் சாய்கிறது.

முதலில் சார்ஜிங்கைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சரி. 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அப்புறம் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையை மீட்டர் போர்டின் எர்த் வயரில் வையுங்கள். இன்ஜின் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அகப்பட்டான். பாடித் தகடு, இன்ஜின் என்று சிவப்பு முனையை நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது அளவு சட்டென்று மாறுகிறதோ, அதைக் கழற்றுங்கள்.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லைட்டை அணைத்துவிட்டு ஓம் வைத்துப் பார்த்து, ‘எர்த் நன்றாக இருக்கிறதே’ என்பார்கள். வயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும். 10 ஆம்பியர் போகும்போது அந்த இழை தாங்காது. அதனால் சுமை ஏற்றிப் பார்ப்பதுதான் சோதனை.

ஏற்காட்டு வண்டிகளில் இந்த இணைப்புகளை நிறைய பார்த்திருக்கிறேன். வெளியே போல்ட் கெட்டியாக இருக்கும். 10ஆம் நம்பர் ஸ்பானர் போட்டுக் கழற்றினால், வயர் நுனியில் இருக்கும் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வயரின் உறையை ஒரு விரல் நீளம் உரித்தால் உள்ளே செம்பு கறுத்துப்போய் நகத்துக்கே உதிரும். மாதக்கணக்கில் பனிமூட்டத்தில் நிற்கும் வண்டி வேறெப்படி இருக்கும்?

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பேட்டரி மைனஸிலிருந்து மீட்டர் எர்த்துக்குத் தற்காலிகமாக ஒரு வயர் இழுத்து, ஹெட்லைட் போடுங்கள். முள் அசையாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். வளையத்தைப் புதிதாக அடித்து, தகட்டில் பெயின்ட் போகும்வரை உப்புத்தாள் தேய்த்து, இறுக்கி, மேலே வேஸலின் பூசுங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் பட்டை எர்த்தையும் பாருங்கள். செல்ஃப் அடித்ததும் ஆக்ஸிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சுட்டால், அந்தப் பட்டை போய்விட்டது, செல்ஃப் கரண்ட் கேபிள் வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் மீட்டர் வயர்களைத் தொட்டுச் சோதிக்கக் கூடாது. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போக வேண்டும்.

சரிசெய்யும் வரை, ‘முள் பொய்தானே’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. லாரி பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் இன்ஜின் நிஜமாகவே கொதிக்கலாம். முள் மெல்ல ஏறினால் ஓரங்கட்டுங்கள், ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. வளைவுகளில் டீசல் முள் கொஞ்சம் ஆடினால் அது டேங்குக்குள் டீசல் புரளுவதுதான், பயமில்லை.

கழற்றிய பழைய சென்சார் கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அது நல்ல சென்சாராகவே இருக்கும். பொட்டலம் கட்டி வண்டியிலேயே வையுங்கள்.