லினக்ஸ் சர்வர் நிறுவும்போது எக்ஸ்ட்4-ஆ, எக்ஸ்எஃப்எஸ்-ஆ?

சர்வரில் லினக்ஸ் போடும்போது, டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் எந்த ஃபைல் சிஸ்டத்தை, அதாவது கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறையை, தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பமாக இருந்தால் எக்ஸ்ட்4 போதும். டெபியன் என்ற லினக்ஸ் வகை அதைத்தான் தானாக முன்வைக்கும். இன்னொரு வகையான ரெட் ஹேட் 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பிலேயே எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மாறிவிட்டது.

இரண்டிலும் ஜர்னல் உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஓரிடத்தில் குறித்துக்கொண்டுதான் டிஸ்க்கில் கை வைக்கும். நடுவில் கரண்ட் போனால், மறுபடி பூட் ஆகும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் வழக்கமாக அது காப்பது கட்டமைப்பைத்தான். பாதி எழுதிய உங்கள் டேட்டாவை அல்ல. பேக்கப் தனிக் கதை.

பெரிய பெரிய கோப்புகள், ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் எழுதும் வேலை என்றால் எக்ஸ்எஃப்எஸ் கெட்டி. ஒரே சிக்கல், அதைப் பெரிதாக்கலாம். நடைமுறையில் சுருக்க முடியாது. இது தெரியாமல் மிச்ச இடம் முழுவதையும் பயனர் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு எக்ஸ்எஃப்எஸ்ஸில் கொடுத்தேன். அப்புறம் சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதி நிரம்பியது. ஹோமை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அழித்து, சின்னதாக மறுபடி உருவாக்கி... ஒரு ராத்திரி போயிற்று.

அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்விஎம் (டிஸ்க் பகுதிகளின் அளவைப் பின்னால் மாற்ற உதவும் ஒரு அடுக்கு) மேல் போடுங்கள். கொஞ்சம் இடத்தை யாருக்கும் ஒதுக்காமல் விடுங்கள். லாக் (சர்வர் தானாக எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்புகள்) சேரும் டைரக்டரிக்குத் தனிப் பகுதி கொடுத்தால், லாக் பெருத்தாலும் ரூட் தப்பிக்கும்.