கடின வேலைகளைப் போட்டியாக்கும் நிகழ்ச்சிகள்: கேள்வி பதில்

துறைமுகத்தில் சரக்குக் கையாளும் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடின வேலைகளை வைத்து நடத்தப்படும் தொலைக்காட்சிப் போட்டிகளைப் பற்றி வடசென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ராயபுரத்திலிருந்து ஒரு நண்பர்: ஐயா, உண்மையான வேலைகளையே போட்டியாக வைத்த நிகழ்ச்சி ஏதேனும் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 2008இல் 'அமெரிக்காஸ் டஃபஸ்ட் ஜாப்ஸ்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. வேறு தொழில்களிலிருந்து வந்த 13 பேர் அலாஸ்கா கடலில் நண்டு பிடிப்பதில் தொடங்கி, மரம் வெட்டுதல், எண்ணெய்க் கிணறு தோண்டுதல் என ஒவ்வொரு வேலையாகச் செய்ய, தாக்குப்பிடிக்காதவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த வேலைகள் அனைத்தின் ஓராண்டு ஊதியத்தையும் கூட்டிய தொகையே பரிசு. கூலியையே பரிசுக்கு அளவாக வைத்தது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

காசிமேட்டிலிருந்து ஒரு மீனவர்: அண்ணே, நண்டுப் படகுகளில் காட்டும் ஆபத்து உண்மைதானா?

உண்மைதான். 2005இல் தொடங்கிய 'டெட்லியஸ்ட் கேட்ச்' என்ற நண்டுப் படகுத் தொலைக்காட்சித் தொடர் போட்டி நிகழ்ச்சி அல்ல. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் நடக்கும் வேலையை அப்படியே படம்பிடித்தது. அங்கே நண்டுக் கூண்டு ஒன்று வெறுமையாகவே சுமார் 300 கிலோ இருக்கும். பனி படிந்த தளத்தில் அது ஆடினால் எலும்பு நொறுங்கும். ஆனால் கூண்டைவிடப் பெரிய ஆபத்து கடிகாரத்தில் இருந்தது. அதுவரை பருவம் திறந்தவுடன் எல்லாப் படகுகளுக்கும் சேர்த்து அனுமதித்த ஒரே மொத்த நண்டு அளவில் தம் பங்கைப் பிடிக்க அவை முந்தியடித்தன. சில நாட்களிலேயே பருவம் முடிந்துவிடும் என்பதால், புயலிலும் உறக்கமின்றிக் கூண்டு இறக்கினார்கள். அதே 2005இல் படகுக்குப் படகு பங்கு ஒதுக்கும் முறை வந்ததும் அந்தப் பந்தயம் நின்றது, கடலோடிகளின் உயிருக்கும் பாதுகாப்புக் கூடியது. படகுகள் வெகுவாகக் குறைந்து பலர் வேலையிழந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் முடிந்ததும் நம் விசைப்படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். போட்டி நிகழ்ச்சிகளோ, கடலில் கைவிட்ட அந்தக் கடிகாரத்தையே மீண்டும் கொண்டுவந்து புதியவர்களின் தலைமேல் வைக்கின்றன. என் மனக்குறை இதுதான்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய்: என் மகன் ஜிம்மில் 120 கிலோ தூக்குகிறான். இத்தகைய போட்டியில் வெல்வானா, ஐயா?

அம்மா, முதல் ஒரு மணி நேரம் நிச்சயம் முன்னால் நிற்பான். ஜிம் கம்பியில் பிடிக்க இடம் உண்டு, எடை இருபுறமும் சமமாக இருக்கும், இடையிடையே ஓய்வும் கிடைக்கும். மூட்டை அப்படியன்று, உள்ளே இருப்பது சரியும், மேலே ஏறும் பலகை அதிரும். பழகியவர் கையால் தூக்குவதைக் குறைத்து, இன்னொருவர் ஏற்றிவிட, சும்மாட்டின் மேல் எடையை நேராக நிறுத்தி, சிற்றடி வைத்து நடப்பார். மூச்சுவாங்காமல் நாள் முழுவதும் ஒரே சீராக அவர் நடப்பது கேமராவுக்குச் சுவையாக இராது. எனினும் மாலையில் எண்ணிப் பார்த்தால் அவருடைய மூட்டைகளே அதிகமாக இருக்கும். வளர்ந்த ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாதென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. ஒருமுறை 120 கிலோ தூக்குவதும், ஆண்டுக்கணக்காக 50 கிலோ சுமப்பதும் உடம்புக்கு வெவ்வேறு கணக்குகள்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மாணவி: பெண்களும் கலந்துகொள்கிறார்களா?

ஆம். மேலே சொன்ன 2008 போட்டியிலும் பெண்கள் இருந்தார்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஓர் ஆசிரியர்: காசிமேட்டில் இப்படியொரு போட்டி நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் அவசரமாக ஐஸ் உடைக்கவும் கூடை சுமக்கவும் வைத்து, விழுவதைப் படம்பிடித்துச் சிரிப்பதற்காக வேண்டாம். போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரு பருவம் முழுவதும் பழைய கடலோடி ஒருவரிடம் வேலை கற்க வேண்டும். கற்றுத்தருபவருக்கு நடிகருக்குரிய ஊதியமும், படகிலுள்ள அனைவருக்கும் காப்பீடும் வேண்டும். மதிப்பெண்ணைப் படகின் மற்ற ஆட்களே போடட்டும்: அடுத்த முறை கடலுக்குப் போகும்போது இவரை உடன் அழைத்துச் செல்வீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு.