வாகன ஆலோசனை: குழியில் விழுந்த சில்லின் உட்புறம்

கேள்வி: சென்ற வாரம் மாலை மழையின்போது பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதி வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நீர் நிறைந்திருந்ததால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியில் காரின் இடப்பக்க முன்சில்லு பலத்த சத்தத்துடன் விழுந்து எழுந்தது. அலோய் ரிம்மில் ஒரு சிறு கீறல் மட்டுமே தெரிகிறது. ஆனால் டயரின் பக்கவாட்டில் கோலிக்குண்டு அளவில் ஒரு புடைப்பு இருக்கிறது. காற்று இறங்காததால் பயமில்லை என்கிறார் என் கணவர். வரும் சனிக்கிழமை பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கதிர்காமம் செல்லவிருக்கிறோம். இந்த டயருடன் போகலாமா, ஐயா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: போக வேண்டாம், சகோதரி. அந்த டயரைக் கழற்றி வேறு டயர் போடும் வரை பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதற்குக்கூட அந்தக் காரை எடுக்காதீர்கள்.

டயரின் பக்கச்சுவரில் நாம் வெளியே காண்பது ரப்பர் மட்டுமே. உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தத்தை உண்மையில் தாங்குவன அந்த ரப்பருக்குள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும் நூலிழைகள். சில்லு குழியின் விளிம்பில் மோதும்போது, குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்கி, அந்த இடத்து இழைகள் அறுந்துபோகின்றன. அறுந்த இடத்தில் ரப்பரைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் காற்று அதனை வெளியே தள்ளுகிறது. நீங்கள் காணும் கோலிக்குண்டு அதுதான். உட்படலம் இன்னும் கிழியவில்லை என்பதாலேயே காற்று இறங்கவில்லை. அதனை டயர் நன்றாக இருப்பதற்கான சான்றாகக் கொள்ள முடியாது. மணிக்கு 100 கிலோமீற்றர் வரை செல்லக்கூடிய தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில், வீட்டார் அனைவரும் ஏறிய பாரத்துடன் நீண்ட நேரம் ஓடிச் சூடேறும் டயர் வெடிக்கக்கூடிய இடமும் அந்தப் புடைப்பே. பக்கச்சுவரில் ஏற்பட்ட இந்தச் சேதத்துக்கு ஒட்டுப்போட்டுத் திருத்த வழி கிடையாது.

ஆனால் புடைப்பையும் பள்ளத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக, விரல் வைத்தால் மட்டும் உணரக்கூடிய மெல்லிய உட்பள்ளம் ஒன்று சில வேளைகளில் இருக்கும். இழைப்படலத்தின் இரு ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இடம் அது, அதனால் தீங்கில்லை. வெளியே தள்ளிக்கொண்டிருப்பதுதான் ஆபத்தானது.

டயரை மாற்றியவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். இத்தகைய அடியில் ரிம்மின் வெளிப்புறம் பார்வைக்குக் குறையின்றி இருக்க, உள்விளிம்பு நெளிந்தோ வெடித்தோ இருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். எனது காரிலேயே, மூன்று நாட்களுக்கு ஒருமுறை காற்று குறைந்துகொண்டிருந்த சில்லுக்கு ஒரு கடையில் இரண்டு தடவை வால்வு மாற்றினார்கள். பின்னர் சில்லைக் கழற்றிக் கவிழ்த்து, உள்விளிம்பு முழுவதும் சவர்க்கார நீர் தடவிக் காத்திருந்தபோது, ஓரிடத்தில் மட்டும் கடுகளவான குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து சிறு நுரையாகத் திரண்டன. துடைத்துப் பார்த்தால் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. நின்றபடி பார்த்திருந்தால் அது ஒருநாளும் கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே டயர் கடையில் சில்லைக் கழற்றும்போது அருகில் நின்று, உட்புறத்தை டோர்ச் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். உள்ளே படிந்திருக்கும் கறுத்த தூசியின் நடுவில் நீள்சதுரமாக ஒரு சுத்தமான இடம் தெரிந்தால், அங்கே ஒட்டியிருந்த பலன்ஸ் எடை (சில்லு அதிராமல் சுழல ஒட்டப்படும் சிறு உலோகத்துண்டு) அடியில் கழன்று விழுந்திருக்கிறது என்று பொருள். பிறகு வெறும் ரிம்மைப் பலன்ஸ் இயந்திரத்தில் பூட்டிச் சுழற்றினால், அதன் விளிம்பு ஒரே கோட்டில் ஓடுகிறதா, அலைகிறதா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். அதே பக்கத்துப் பின்சில்லையும் கட்டாயம் காட்டுங்கள். முன்சில்லு விழுந்த குழியில் பின்சில்லும் விழுந்திருக்கும். பெரும்பாலானோர் அதனை மறந்துவிடுகிறார்கள்.

சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்டை இறுதியாகவே செய்ய வேண்டும். சில்லைத் தாங்கித் திருப்பும் பாகங்களான டை ரொட், போல் ஜொயின்ட், சொக் அப்சோபர் ஆகியவற்றில் ஏதேனும் வளைந்திருக்கிறதா, ஆட்டம் கண்டிருக்கிறதா என்று பார்க்காமல் செய்யப்படும் அலைன்மென்டுக்குக் கொடுக்கும் பணம் வீண். நேர்வீதியில் கார் சற்றே இடப்புறம் சாய்ந்து செல்வது வீதியின் சரிவினாலும் இருக்கலாம். ஆனால் முன்பு நேராக இருந்த ஸ்டியரிங் இப்போது கோணலாக நின்றால், அது அடியின் விளைவுதான்.

கொழும்புக்குள் 40 கிலோமீற்றர் வேகத்தில் சிறிதும் தெரியாத அதிர்வு, 80ஐத் தாண்டிய பிறகே வெளிப்படும். அதனால்தான் பலரும் கொட்டாவையில் நெடுஞ்சாலைக்கு ஏறிய பின்னர் திடுக்கிடுகிறார்கள். ஸ்டியரிங் நடுங்கினால் முன்சில்லையும், இருக்கை நடுங்கினால் பின்சில்லையும் முதலில் சந்தேகியுங்கள். சனிக்கிழமை வரை காத்திராமல், திருத்தம் முடிந்ததும் ஒரு நாள் அதிகாலையில் கணவருடன் மட்டும் நெடுஞ்சாலையில் கஹதுடுவ வரை ஓடிப் பாருங்கள். சில்லைக் கழற்றிப் பூட்டியபின் ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அலோய் ரிம்மில் ஏற்பட்ட வெடிப்பை வெல்டிங் செய்து தருவதாக ஒருவர் கூறுகிறார். புதியது வாங்குவதைவிட மிகவும் மலிவு. செய்யலாமா?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: நான் செய்ய மாட்டேன். வெல்டிங்கின் சூடு சுற்றியுள்ள உலோகத்தின் வலிமையைக் குறைத்துவிடுவதால், அடுத்த குழியில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும் வாய்ப்பு அதிகம். இரும்பு ரிம்மின் விளிம்பில் ஏற்பட்ட சிறு நெளிவைத் தட்டி நேராக்கலாம். வெடித்த அலோய் ரிம்மைக் கைவிடுவதே நல்லது. புதியதுக்கு வசதி இல்லையென்றால், பஞ்சிகாவத்தையில் அதே அளவில் பாவித்த ரிம் ஒன்றைத் தேடுங்கள். துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் உங்கள் காருக்குப் பொருந்த வேண்டும். புதிதாக வர்ணம் பூசப்பட்ட ரிம் என்றால் பழைய ஒட்டு உள்ளே மறைந்திருக்கக்கூடும் என்பதால், உள்விளிம்பை விரலால் முழுச்சுற்றும் தடவிப் பார்த்து, பலன்ஸ் இயந்திரத்தில் சுழற்றிக் காட்டிய பின்னரே பணத்தைக் கொடுங்கள்.