பதில்: மாருதி 800, சிக்னலில் நின்றால் மட்டும் சூடாகிறது

வணக்கம் சார். ஹைவேயில் டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது, டிராஃபிக்கில் நின்றால் சிவப்புக்கு ஏறுகிறது, மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போச்சு என்கிறார் என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன்மேல்தான். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருந்தால் ஹைவே மேட்டில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மெக்கானிக் சொன்னார் என்று அதற்குள் ஹெட்டைக் கழற்றவிடாதீர்கள்.

இன்ஜின் ஆறியபின் தெர்மோ ஸ்விட்ச் (சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கும் ஸ்விட்ச்) கனெக்டரைப் பிடுங்குங்கள். இரண்டு வயர் வந்தால் ஒரு துண்டு வயரால் இரண்டையும் இணையுங்கள். ஒற்றை வயர் என்றால் பாடியில் எர்த் செய்யுங்கள். இக்னிஷன் போட்டதும் ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச்தான் குற்றவாளி, சின்னச் செலவு. சுற்றவில்லையா? ஃப்யூஸ், ரிலே பாருங்கள். பிறகு பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மோட்டார் காலி. விரல் ஜாக்கிரதை, சட்டென்று சுற்றும்.

ஃபேன் நன்றாக இருந்தால் ரேடியேட்டர் ஃபின்னில் மண் அடைத்திருக்கிறதா, ரேடியேட்டர் மூடி ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள். கேஸ்கெட் பயம் போகவில்லையென்றால், ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் மூடியடியில் பால்காபி நிறத்தில் நுரை இருந்தாலோதான் அந்தப் பேச்சு.

தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சிக்னலில் முள் ஏறினால் ஹீட்டரை முழுசாக வையுங்கள், இன்ஜின் சூட்டை அது உள்ளே இழுத்துவிடும். வேர்க்கும், ஆனால் வண்டி வீடு சேரும்.