இந்தியா இவ்வளவு உதவி செய்தும் நேபாளிகளுக்கு ஏன் நம்மீது கோபம்?

"நிலநடுக்கத்தில் ஓடிப்போய் உதவியது நாம், விசா இல்லாமல் வேலை கொடுப்பது நாம். அப்புறமும் ஏன் இந்தக் கோபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காத்மாண்டு பள்ளத்தாக்கில் ஒன்றரை வருடம் இருந்தவன். புத்தக அறிவைவிட ஒரு காலி காஸ் சிலிண்டர்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது.

2015 ஜூலையில் ஒரு ஹோட்டலில் கணக்கு வேலைக்குப் போனேன். காத்மாண்டை ஒட்டிய பாடன் நகரில், அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான நேவார் இனத்தவர் ஒருவர் வீட்டின் முதல் மாடியில் அறை. வீட்டுக்கார அம்மாவை எல்லோரையும் போல நானும் 'திதி' என்று கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். ஏப்ரல் 25 நிலநடுக்கம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தெருமுனையில் சாய்ந்து நின்ற வீட்டுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்தியன் என்று தெரிந்தால், முதல் நாளே நம் விமானம் வந்து இறங்கியதைச் சொல்வார்கள். இடிபாட்டுக்குள் அழுதுகொண்டிருந்தவர்களிடம் நம் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியதையும் கூடவே சொல்வார்கள்.

செப்டம்பர் 20 அன்று நேபாளம் புதிய அரசியல் சாசனத்தை அறிவித்தது. இரண்டு நாள் முன்பு நம் அப்போதைய வெளியுறவுச் செயலர் ஜெய்சங்கர், பிரதமரின் தூதராக அங்கே வந்தார். இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் வாழும் மதேசிகளுக்கு மாநில எல்லைகளிலும் பிரதிநிதித்துவத்திலும் குறை இருந்தது. பீகாரோடும் உத்தரப் பிரதேசத்தோடும் கொண்டான் கொடுத்தான் உறவு உள்ளவர்கள் அவர்கள். அந்தப் போராட்டத்தில் பல உயிர்களும் போயிருந்தன. அதைச் சரிசெய்துவிட்டு அறிவியுங்கள் என்பது டெல்லியின் கருத்து. காத்மாண்டு கேட்கவில்லை. பதிலுக்கு டெல்லி, சாசனத்தை 'வரவேற்கிறோம்' என்று சொல்லாமல் 'கவனத்தில் கொள்கிறோம்' என்று மட்டும் சொன்னது. கல்யாணத்துக்கு வந்துவிட்டு, பந்தியில் கை நனைக்காமல் போவது மாதிரி.

அடுத்த சில நாட்களில் ரக்சவுல்–பீர்கஞ்ச் எல்லையில் லாரிகள் நின்றன. நேபாளத்துக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி அந்த வழிதான். எல்லையில் உள்ள மிதேரி பாலத்தில் மதேசிகள் உட்கார்ந்துவிட்டார்கள். 'நாங்கள் எதையும் தடுக்கவில்லை, லாரி டிரைவர்கள் பயப்படுகிறார்கள்' என்றது இந்தியா. 'நாகாபந்தி', அதாவது வழியடைப்பு என்றது நேபாளம். மதேசிகளின் குறையும் உண்மை, டெல்லி அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டதும் உண்மை என்பதுதான் என் கணிப்பு. இதை ஒப்புக்கொள்ளாத இந்திய நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நேவார் வீடுகளில் சமையலறை உச்சி மாடியில் இருக்கும். அக்டோபர் முதல் வாரம் காஸ் தீர்ந்தது. திதி மொட்டை மாடியில் மூன்று செங்கல்லை வைத்து, நிலநடுக்கத்தில் உடைந்த ஜன்னல் சட்டங்களை எரித்துச் சமைத்தார். அரசு மரக்கழகம் விறகு விற்றது, அதற்கும் வரிசை. பல நாள் ராத்திரி அவலும் உருளைக்கிழங்கும்தான். காஸ் கடை வாசலில் வரிசை போட்ட சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்துப் பூட்டிவிட்டு ஆட்கள் வேலைக்குப் போவார்கள். பிறகு சிலிண்டரில் பாதி மட்டும் நிரப்பிக் கொடுத்தார்கள். தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போக பஸ் கிடைக்காமல் எங்கள் ஹோட்டல் பையன்கள் பாதிப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கேபிள்காரர்கள் 42 இந்திய சேனல்களை நிறுத்தினார்கள். ஆனால் ஒருவர்கூட என்னிடம் முகம் கோணவில்லை. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் அடுப்பில் ஊதிக்கொண்டே திதி சொன்னார்: "பாய் (தம்பி), நீ ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வந்தால், நான் இறங்கிவந்து தாழ்ப்பாளைத் திறக்கணும். நான் நல்லவள்தான், திறந்துடுவேன். ஆனாலும் மணி எட்டரை ஆனால் நீ ஓடி வர்றியே, ஏன்? நாங்களும் அப்படித்தான்."

சரி, இதுதான் என் பதில். நேபாளத்துக்கு மூன்று பக்கம் நாம், வடக்கே இமயமலை. ஏறக்குறைய 1,750 கிலோமீட்டர் திறந்த எல்லை இருந்தும் சரக்குக்குப் பெரிய வாசல் நம் பக்கம்தான், தாழ்ப்பாளும் நம் கையில். உதவியும் அந்த வாசல் வழியே வருகிறது, நெருக்கடியும் அதே வழியேதான் வருகிறது. வாங்கிச் சாப்பிடுபவனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதுவும் முதல் தடவை இல்லை. 1989 மார்ச்சில் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது இரண்டைத் தவிர மற்ற எல்லை வழிகள் எல்லாம் மூடப்பட்டன. அரசர் பிரேந்திரா சீனாவிடம் ஆயுதம் வாங்கிய எரிச்சல் பின்னணியில் இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் நீண்டது அது. அப்போது திதி பள்ளிக்கூடப் பெண். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு 1989 ஞாபகம் இருக்கிறது?

மதிப்பு, மரியாதை விஷயமும் உண்டு. 1950இல் போட்ட இந்திய–நேபாள நட்புறவு ஒப்பந்தத்தில் நேபாளம் சார்பில் பிரதமர் மோகன் சம்ஷேர் ராணா கையெழுத்திட்டார். நம் சார்பில் வெறும் தூதர். கையெழுத்தான சில மாதங்களில், பரம்பரையாகப் பிரதமர் பதவியில் இருந்த ராணா குடும்பத்தின் ஆட்சியே போய்விட்டது. அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. அதன் புண்ணியத்தில்தான் நேபாளிகள் இங்கே தடையில்லாமல் வேலை செய்கிறார்கள் என்பதும் சரி. ஆனால் காத்மாண்டு டீக்கடையில் முதலில் வருவது அந்தக் கையெழுத்துக் கதைதான்.

2015இல் டெல்லிக்கு என்ன லாபம்? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. அக்டோபரில் பிரதமரான கே.பி. ஓலி, தேசியவாதத் தலைவராக வளர்ந்தார். சீனா ஆயிரம் டன் பெட்ரோலை மானியமாகத் திபெத் எல்லையில் உள்ள கேருங் வழியே அனுப்பியது. கடலில் கரைத்த பெருங்காயம்தான், ஆனால் வரவேற்பைப் பார்க்கணுமே! பிப்ரவரியில் வழி திறந்தது. மார்ச்சில் ஓலி பெய்ஜிங் போய் சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டார். அந்தத் துறைமுகங்கள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். யாரும் சரக்கு கொண்டுவரப் போவதில்லை. இன்னொரு கதவு இருக்கிறது என்று காட்டினால் போதும். 2020இல் லிபுலேக் கணவாய்க்கு நாம் போட்ட சாலையால் தகராறு வந்து, இரு நாடுகளும் உரிமை கோரும் காலாபானியைச் சேர்த்து நேபாளம் புதிய வரைபடம் வெளியிட்டபோது, அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பே இல்லை.

டெல்லிக்கு வேறு மாதிரி நடக்கத் தெரியாது என்றில்லை. அதே 2015இல்தான் வங்கதேசத்தோடு திட்டுநிலங்களை, அதாவது ஒருவர் நாட்டுக்குள் மாட்டிக்கொண்ட மற்றவர் நிலத்துண்டுகளை, மாற்றிக்கொண்டோம்: 111 அவர்களுக்கு, 51 நமக்கு. பரப்பளவில் நமக்கு நஷ்டம், ஆனால் நாற்பது வருடத் தலைவலி ஒரே நள்ளிரவில் தீர்ந்தது. 2022இல் இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்ததும் அங்கே நன்றாகவே பேசப்பட்டது. 2019இல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க்குழாய் வந்தது. இப்போது டீசலுக்கு முழுக்க லாரியையே நம்ப வேண்டியதில்லை. குழாயின் வால்வு எந்தப் பக்கம் என்று மட்டும் திதியிடம் கேட்டுவிடாதீர்கள்.

போன தீபாவளிக்கு, அவர்களுக்கு அது திகார், போன் செய்தேன். இப்போது கரண்ட் அடுப்பாம். மழைக்காலத்தில் நேபாளம் இந்தியாவுக்கே மின்சாரம் விற்கிறது. சீனக் கம்பெனி கட்டிய அணையின் மின்சாரம் என்றால் நாம் வாங்குவதில்லை. வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் கொடுக்க ஒப்பந்தம் போட்டதும் நம் கம்பி வழியாகத்தான். "அப்போ காஸ் தொல்லை விட்டது" என்றேன். விட்டதாம். ஆனாலும் நிரப்பிய சிலிண்டர் ஒன்று மாடிப்படிக்குக் கீழே இருக்கிறதாம், சங்கிலி போட்டு.