ரவுட்டரை மாற்றுமுன் சுவரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதிலளிப்பவர்: தொலைபேசிக் கம்பி இணைப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பர், மட்டக்களப்பு

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கல்லடியில், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. தொலைபேசி இணைப்பு அப்பா காலத்தது. விறாந்தையில் ஒரு சொக்கெட், நடு அறையில் ஒன்று, மேல்மாடியில் ஒன்று. ரவுட்டர் மேல்மாடியில். மகன் உயர்தரம் படிக்கிறான். இணையவழி வகுப்பின் நடுவில் ஆசிரியரின் படம் அப்படியே நின்றுவிடுகிறது. மழை பெய்தால் இணையமே இல்லை. புது ரவுட்டர் வாங்கினோம், கூடிய பணம் கட்டிப் பெரிய பெக்கேஜுக்கும் மாறினோம். ஒரு மாற்றமும் இல்லை. வந்து சோதித்தவர் லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்து மகன் எழுதித் தந்தவை: டவுன்ஸ்ட்ரீம் வேகம் 3,100, அட்டெனுவேஷன் 28, எஸ்என்ஆர் மார்ஜின் 4. என்ன செய்யலாம்?
– வாசகி, கல்லடி

பதில்: அம்மா, முதலில் மகனைப் பாராட்டிவிடுகிறேன். "இணையம் மந்தம், என்ன செய்ய?" என்று ஒரு வரி எழுதிப் போடுகிறவர்களுக்கு ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் தந்த மூன்று எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

28 என்பது, தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் ரவுட்டர் வரும்வரை சமிக்ஞை எவ்வளவு மெலிகிறது என்பதன் அளவு, டெசிபலில். ஏடிஎஸ்எல், அதாவது தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் இணைப்பில், ஒரு கிலோமீற்றர் கம்பிக்கு ஏறத்தாழ 14 டெசிபல் குறையும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு. அதன்படி உங்கள் வீட்டுக்கு வரும் கம்பி இரண்டு கிலோமீற்றர். அந்தத் தூரத்தில், அதன் வேகம் கூடிய வகையான ஏடிஎஸ்எல்2+ இணைப்பு 10 மெகாபிட்டுக்கு மேல் தந்தாக வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது 3,100 கிலோபிட், அதாவது 3 மெகாபிட். ஆகவே தூரத்தின் மேல் பழி போட முடியாது. அடுத்தது அந்த 4. கம்பியில் வந்து கலக்கும் வேண்டாத மின் இரைச்சலுக்கு மேலே சமிக்ஞை எவ்வளவு தலை தூக்கி நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. சாதாரணமாக 6 வைத்துத்தான் இணைப்பு ஏற்படுத்தப்படும். அதற்குக் கீழே இறங்கினால் தள்ளாடும், பிறகு அறுந்து மறுபடி இணையும். உங்கள் கம்பி கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் இரைச்சல் மிகுந்திருக்கிறது. பெக்கேஜை உயர்த்தியது வீண்செலவு. 3 மெகாபிட் மட்டுமே கடத்தும் கம்பிக்கு எத்தனை பெரிய பெக்கேஜைக் கட்டினாலும் 3தான் வரும்.

வந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் அளந்தது விறாந்தையில், வெளிக்கம்பி உள்ளே நுழையும் இடத்தில். அதற்கு அப்பால் சுவருக்குள்ளும் முகட்டு வளையிலும் ஓடுவது உங்கள் சொந்தக் கம்பி. அதை அவர் தொடவே இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். விறாந்தைச் சொக்கெட்டைத் திறந்து, நடு அறைக்கும் மாடிக்கும் போகும் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். இழுத்துவிட்டால் போதாது, திருகாணியிலிருந்தே கழற்ற வேண்டும். ரவுட்டரை விறாந்தைக்குக் கொண்டுவந்து, அதனுடன் வந்த குட்டிக் கம்பியால் அந்த முதல் சொக்கெட்டில் நேரே பொருத்துங்கள். தொலைபேசியைச் செருகாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இணைப்பு வந்ததும் மகன் அதே பக்கத்தைத் திறந்து அதே மூன்று எண்களையும் எழுதட்டும். வைஃபையில் வேகச் சோதனை செய்து பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். அதில் சுவரும் தூரமும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். 3,100 என்பது 10,000ஐத் தாண்டினால் குற்றம் வீட்டுக்குள். அசையாமல் நின்றால் குற்றம் வெளியே. அப்போது முறையிடும்போது இந்த எண்களைச் சொல்லுங்கள், பேச்சின் தொனியே மாறும்.

என் ஊகம், குற்றம் வீட்டுக்குள்தான். காரணம் சொல்கிறேன். குரலுக்குத் தேவையானது 4 கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். கறள் பிடித்த, ஒட்டுப்போட்ட, நைந்த எந்தக் கம்பியும் அதைக் கடத்திவிடும். அதனால்தான் "போன் நன்றாகக் கேட்கிறதே" என்பதை நான் சாட்சியாக எடுப்பதில்லை. இணையம் ஓடுவது அதே கம்பியில், 25 கிலோஹேர்ட்ஸில் தொடங்கி, ஏடிஎஸ்எல்2+ ஆனால் 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை. அந்த உயரத்தில் கம்பியின் ஒவ்வொரு ஊனமும் கணக்கில் வரும்.

கல்லடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று இரு பக்கத்தாலும் வரும். அந்தப் பகுதியில் பழைய சொக்கெட்டுகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: திருகாணியின் கீழ் செம்பு தெரியாது, பச்சைக் களிம்பு மாவாகப் படிந்திருக்கும், மூலையில் சிற்றெறும்புப் புற்று. கம்பியை விரலால் அசைத்தால் அங்கேயே ஒடிந்து கையில் வரும். மாரியில் காற்று ஈரமானதும் அந்தக் களிம்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரு கம்பிகளுக்கும் இடையே கசிய விடும். உங்கள் மழைக்கால இணையத்தின் மர்மம் இவ்வளவுதான். ரிசீவரை எடுத்து, ஏதாவது ஓர் இலக்கத்தை அழுத்தி, ஒலி அடங்கியதும் காதில் வைத்துக் கேளுங்கள். பொரிகிற சத்தம் வந்தால் இதுவேதான்.

அடுத்தது அந்த மாடிக் கம்பி. வீடு மேலே எழுப்பப்பட்டபோது மின்வேலை செய்தவரே தொலைபேசிக் கம்பியையும் இழுத்திருப்பார். மிஞ்சிய மின்குமிழ் வயரைப் போட்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். தொலைபேசிக்கு வேண்டியது ஒன்றோடொன்று முறுக்கிய இணைக்கம்பி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதற்குத்தான் அந்த முறுக்கு. அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் அதற்கு 1881இல் காப்புரிமை பெற்றுவிட்டார். நம் ஊர் மின்வேலைக்காரர்களுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நடு அறைச் சொக்கெட்டில் இப்போது ஒன்றும் செருகவில்லை என்று நினைக்கிறேன். சும்மா கிடப்பதுதானே என்று விடாதீர்கள். கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதுபோல, முடிவில் ஒன்றும் இல்லாத கம்பிக்குள் போகும் சமிக்ஞை திரும்பி வந்து மூலச் சமிக்ஞையோடு மோதும். 20, 25 மீற்றர் நீளமான வால் ஒன்று தொங்கினால், ஏடிஎஸ்எல்2+இன் மேல் அலைவரிசைகளில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். உங்கள் வேகத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டிய இடம் அது.

சோதனையில் நான் சொன்னபடி வந்தால் பழைய உட்கம்பிகளைக் கைவிட்டுவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். விறாந்தையில் புதுச் சொக்கெட் ஒன்று, அதன் அருகே, குரலையும் இணையத்தையும் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று. ஸ்பிளிட்டரில் தொலைபேசிப் பக்கம் ஒன்று, ரவுட்டர்ப் பக்கம் ஒன்று இருக்கும். ரவுட்டர் மாடியில்தான் வேண்டுமென்றால் ரவுட்டர்ப் பக்கத்திலிருந்து கெட் 5 என்ற, முறுக்கிய சோடிகள் கொண்ட கேபிளை ஒரே துண்டாக, இடையில் முடிச்சில்லாமல் இழுங்கள். அதில் நீலமும் நீலம்-வெள்ளையும் ஒரு சோடி, அவையிரண்டையும் மட்டும் பயன்படுத்துங்கள். நீலத்தில் ஒன்றும் செம்மஞ்சளில் ஒன்றும் எடுத்துக் கட்டுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். முறுக்கின் பயன் முழுவதும் அதோடு போய்விடும். மின்சார வயர் போகும் குழாய்க்குள் இதைத் திணிக்க வேண்டாம். வெளிக்கம்பி சேரும் இடத்தில் முறுக்கி ஒட்டுநாடா சுற்றாமல், உள்ளே ஜெல்லி நிரப்பிய சிறு கனெக்டர் போடச் சொல்லுங்கள். உப்புக்காற்று உள்ளே போகாது.

ஒரு எச்சரிக்கை. தொலைபேசிக் கம்பியில் சாதாரணமாக 48 வோல்ட் இருக்கும், ஆபத்தில்லை. ஆனால் அழைப்பு வரும் நேரத்தில் கூடுதலான மாறுமின்னோட்டம் வந்து நன்றாகவே கடிக்கும். ஈரக்கையோடு, ஏணியில் நின்றுகொண்டு இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது இணையம் நன்றாக இருக்கிறது. ரிசீவரை வைத்த சிறிது நேரத்தில் பழையபடி மந்தமாகிவிடுகிறது. இப்படி நடக்குமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: நடக்கும் தம்பி, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்கோ ஒரு மூட்டில் செம்பின் மேல் மெல்லிய களிம்புப் படலம் படிந்திருக்கிறது. ரிசீவரைத் தூக்கியதும் கம்பியில் சில பத்து மில்லியம்பியர் நேர்மின்னோட்டம் ஓடும். அது அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு பாயும். மூட்டு தற்காலிகமாகச் சுகமாகிவிடும். அம்மா பேசி முடித்ததும் மின்னோட்டம் நிற்கும், படலம் மறுபடி மூடிக்கொள்ளும்.

இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சோதிக்க வருகிறவர் முதலில் செய்வது ரிசீவரைத் தூக்கிக் கேட்பதுதான். அந்தக் கணமே நோய் மறைந்துவிடும், அவரும் குற்றமில்லை என்று எழுதிவிட்டுப் போவார். ஆகவே முறையிடும்போது "இணையம் மந்தம்" என்று சொல்லாதீர்கள். "பேசும்போது சரியாகிறது, வைத்ததும் கெடுகிறது, மூட்டு ஒன்று பழுது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். அனுபவமுள்ளவருக்கு அது போதும், நேரே தூணில் உள்ள பெட்டிக்கும் கூரையோரம் கம்பி சேரும் இடத்துக்கும் போவார். கூரையோரத்தில் தென்னை மட்டை உரசுகிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். தூணில் நீங்கள் ஏற வேண்டாம். அது உங்கள் சொத்தும் அல்ல.

கேள்வி: இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் மட்டும் மந்தம். அதிகாலையில் பறக்கிறது. வயரிங்கை மாற்றச் சொல்கிறார் ஒருவர். மாற்றட்டுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். இரவு 8 மணிக்கு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அதில் டவுன்ஸ்ட்ரீம் வேகத்தைப் பாருங்கள், அதிகாலையிலும் பாருங்கள். எண் ஒன்றாகவே இருந்தால் உங்கள் கம்பி நிரபராதி. நெரிசல் நிலையத்துக்கு அப்பால். வயரிங் மாற்றச் சொன்னவர் வயரிங் வேலை செய்பவர்தானா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாலையில் விளக்குப் போட்டதும் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. தொலைபேசிக்கும் விளக்குக்கும் என்ன தொடர்பு?
– ஆசிரியை, ஏறாவூர்

பதில்: மலிவான எல்ஈடி விளக்கின் உள்ளே இருக்கும் சுற்று, மின்விசிறியின் வேகக்கட்டுப்பாடு, கமராவுக்குப் போடும் அடாப்டர், எல்லாமே வானொலி அலைகளைக் கக்கக்கூடியவை. அந்த அலைகள் உங்கள் தொலைபேசிக் கம்பியில் ஏறிக்கொள்கின்றன. கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். மத்திய அலை எடுக்கும் பழைய கைவானொலி ஒன்று வீட்டு மூலையில் கிடக்கும், பற்றரி போட்டு எடுங்கள். நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். மத்திய அலை 530 கிலோஹேர்ட்ஸிலிருந்து மேலே போகிறது, உங்கள் இணையமும் அதே பகுதியில்தான் ஓடுகிறது, ஆகவே வானொலிக்குக் கேட்பது ரவுட்டருக்கும் கேட்கும். விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, வானொலியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். எந்த விளக்கின் கீழே இரைச்சல் கத்துகிறதோ அதை மாற்றுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள், பௌதிகவியல் பாடமும் ஆயிற்று.

கேள்வி: எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்துவிட்டது. பழைய செம்புக் கம்பியைத் திருத்துவதா, ஃபைபருக்கு மாறுவதா? அப்பாவுக்குப் பழைய தொலைபேசியை விட மனமில்லை.
– வாசகர், கல்முனை

பதில்: மாறுங்கள். கண்ணாடி இழையில் ஒளி போகிறது. உப்பும் ஈரமும் மின்விளக்கின் இரைச்சலும் அதைத் தொடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும்போது தொலைபேசிக் கம்பி வழியாக மின்னல் வந்து ரவுட்டரை எரித்துவிட்டது என்ற கதையும் இராது. மின்சார அடாப்டர் வழியாக வரும் மின்னல் மட்டும் மிச்சம், இடி கேட்டால் அதைக் கழற்றிவிடுங்கள்.

ஆனால் அப்பாவின் பிடிவாதத்திலும் நியாயம் இருக்கிறது. செம்புக் கம்பியின் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்து மின்கலங்களிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வருகிறது. ஊரே இருண்டாலும் அது அடிக்கும். ஃபைபர்ப் பெட்டிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும், அது போனால் தொலைபேசியும் போகும். மாரியில் மரம் விழுந்து மின்சாரம் நின்றால் அந்த நேரத்தில்தான் தொலைபேசி தேவைப்படும். எனவே மாறும்போதே ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கிவிடுங்கள். வாங்குமுன் ஃபைபர்ப் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், அம்பியர் அளவுகளை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வோல்ட் சரியாக அதே அளவாக இருக்க வேண்டும், அம்பியர் கூடினால் பரவாயில்லை. அப்பாவின் பழைய தொலைபேசியை ஃபைபர்ப் பெட்டியின் பின்னால் தொலைபேசிக்கென்று இருக்கும் துளையில் செருகிப் பாருங்கள். பொத்தான் வகையானால் பெரும்பாலும் வேலை செய்யும். வட்டைச் சுழற்றும் வகையானால் அழைப்பு வரும், இவரால் எடுத்துப் பேசவும் முடியும், இலக்கம் சுழற்றி அழைப்பதற்கு மட்டும் எல்லாப் பெட்டிகளும் ஒத்துவரா.